நான் இல்லை என்று நானே சொன்ன நாள்

யாராவது எதையாவது சும்மா தருகிறேன் என்று சொன்னால் எனக்குக் கை நீளாது, கண்தான் சுருங்கும். இவருக்கு என்ன வேண்டும், எதற்காக இந்தச் சிரிப்பு, அந்தப் பைக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்து முடித்த பிறகுதான் நன்றி என்கிற வார்த்தையே வாயில் வரும். என்னோடு வேலை பார்த்தவர்கள் இதைப் பத்திரிகைக்காரப் புத்தி என்பார்கள். மண்ணாங்கட்டி. இது தாராவிப் புத்தி. பத்திரிகை ஆபீஸ் படியை மிதிப்பதற்கு முன்னாலேயே எனக்கு அது முற்றிப்போயிருந்தது. அந்தப் படியை மிதிக்கவே விடாமல் என்னைத் தடுக்கப் பார்த்ததும் அதே புத்திதான்.

அறுபதுகளின் தொடக்கம். பம்பாயில் மதுவிலக்கு இருந்த காலம். அப்பா தோல் பதப்படுத்துகிற ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று வேலை பார்த்தவர். நெஞ்சு கெட்டு, நான் ஒன்பதாவது படிக்கும்போது போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு அம்மா சாராயம் காய்ச்சினாள். இதைச் சொல்ல இன்றைக்கு எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அன்றைக்கு உயிரே போனாலும் சொல்லியிருக்க மாட்டேன். வெல்லமும் நவச்சாரமும் போட்ட ஊறல் பீப்பாய், சந்துக்குப் பின்னால் கழிமுகச் சேற்றில் புதைந்து கிடக்கும். காய்ச்சுவது எங்கள் ஒற்றை அறைக்குள். காய்ச்சியதை சைக்கிள் ட்யூபில் அடைத்து, பெண்கள் இடுப்பில் சேலைக்குள் சுற்றிக்கொண்டு போவார்கள். தோல் ஷாப் நாற்றம் எங்களுக்கு ஒரு வகையில் உபகாரம். எங்கள் வாடை அதற்குள் அமுங்கிவிடும். வாசலில் புத்தகத்தோடு உட்கார்ந்து காவல் காப்பது என் வேலை. நான் மெட்ரிக்கில் நல்ல மார்க் வாங்கியதற்கு அந்தக் காவல்தான் காரணம் என்று அம்மா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எங்கள் சந்துக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. காலில் ஷூவும் கையில் காகிதமுமாக ஒரு ஆள் வந்து, ஒருவருடைய பெயரைச் சொல்லி விசாரித்தால், அந்த ஆள் இங்கே இல்லை. யாரைக் கேட்டாலும் இல்லை. ஆம்பிளை என்றால் "ஊருக்குப் போயிட்டாவ." வயசானவர் என்றால் "செத்துப் போச்சு." வயசுப் பொண்ணு என்றால் "கட்டிக் குடுத்தாச்சு, திருநவேலி பக்கம்." வருகிறவன் போலீஸா, கோர்ட் சம்மனா, குடிசையை அளக்க வந்த முனிசிபாலிட்டிக்காரனா என்று பார்ப்பதெல்லாம் அப்புறம். முதலில் ஆளை இல்லாமல் ஆக்கிவிட வேண்டும். எதிர் வீட்டுத் தாத்தாவை ஒரே வருஷத்தில் மூன்று பேரிடம் சாகடித்திருக்கிறோம். மூன்றாவது தடவை தாத்தாவே பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "அவன் செத்து நாளாச்சே, ஒமக்குத் தெரியாதா?" என்று கேட்டார். நாங்கள் அ, ஆ எழுதுவதற்கு முன்னாலேயே இதைப் படித்துவிட்டோம்.

மாதுங்காவுக்கும் தாராவிக்கும் நடுவில் ரயில் தண்டவாளம்தான். ஆனால் பாலத்தைத் தாண்டி இறங்கினால் வேறு ஊர். பூக்கடை, காப்பிக்கொட்டை வறுக்கிற வாசனை, ஆபீஸுக்குப் போகிற வெள்ளைச் சட்டைகள். அங்கே ஒரு தமிழ்ச் சங்கத்தின் வாசகசாலை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை போய் வரிசையாக எல்லாப் பேப்பரையும் படித்துவிட்டு வருவேன். பேப்பரில் எழுதுகிறவள் ஆக வேண்டும் என்ற கிறுக்கு அங்கேதான் பிடித்தது. வாசகசாலை அறிவிப்புப் பலகையில்தான் அதைப் பார்த்தேன். அகாலமாக இறந்துபோன ஓர் இளம் நிருபரின் நினைவாக அவர் பெற்றோர் சங்கத்துக் கமிட்டி மூலம் வைத்திருக்கும் உபகாரச் சம்பளம். பத்திரிகைத் தொழில் படிக்கப் போகும் தமிழ் மாணவர் ஒருவருக்கு, படிப்பு முடியும்வரை. "உங்கள் தெருவில் ஒரு நாள்" என்று நான்கு பக்கம் எழுதி விண்ணப்பத்தோடு அனுப்ப வேண்டும்.

எனக்குச் சந்தேகம் தட்டியது. இருந்தாலும் அம்மாவிடம் சொன்னேன்.

"எவன்ட்டி அவன், செத்த மவன் பேர்ல ஊரான் வீட்டுப் பிள்ளையப் படிக்க வைக்கவன்?" என்றாள் அம்மா. "அவன் சொக்காரன் பிள்ளைய விட்டுட்டு ஒன்னைய ஏன் படிக்க வைக்கணும்? இதுல என்னமோ இருக்கு. தெருவைப் பத்தி எழுதுன்னு வேற கேக்கான். எதுக்காம்? ஒந் தெருவுல என்ன இருக்குன்னு அவனுக்கு என்ன?"

"பரிச்சை மாதிரிம்மா. எழுதத் தெரியுதான்னு பாக்கதுக்கு."

"எழுதத் தெரியுதான்னு பாக்க, பசுவைப் பத்தி எழுதச் சொல்லலாமே. தெரு எதுக்கு?"

எனக்கும் அந்தக் கேள்வி உள்ளே இருந்தது, அதனால்தான் கோபம் வந்தது. சண்டை போட்டேன். கடைசியில் அம்மா, "எழுது. ஆனா எவ பேரும் வரக்கூடாது, எந்த வீடும் வரக்கூடாது," என்றாள். குழாயடியைப் பற்றி எழுதினேன். காலையில் தண்ணீர் வருவதற்கு முன்னால் குடங்கள் வரிசை நிற்பது, ஒருத்தி குடத்தை ஒருத்தி காலால் தள்ளுவது, தண்ணீர் நின்றதும் எல்லாரும் சேர்ந்து குழாயைத் திட்டுவது. விண்ணப்பத்தில் "தாயார் தொழில்" என்ற இடத்தில் பேனா பத்து நிமிஷம் நின்றது. ஒன்றும் எழுதாமல் ஒரு கோடு போட்டுவிட்டு, தபாலில் சேர்த்துவிட்டேன்.

அந்த உபகாரச் சம்பளம் கிடைக்காவிட்டால் எனக்குப் படிப்பு கிடையாது. ஊரிலிருந்து அத்தை வீட்டில் என்னைப் பெண் கேட்டு விட்டிருந்தார்கள். மாப்பிள்ளை வடாலாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை. தை மாதம் முடித்துவிடலாம் என்று பேச்சு. அம்மா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம். அம்மா உள்ளே காய்ச்சிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் பழைய பாடப் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சந்து முனையில் ஒரு பெரியவர் திரும்பினார். கறுப்பு ஷூ. ஒரு கையில் குடை, கக்கத்தில் நாடா கட்டின ஃபைல். சாக்கடைக் கல்லைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வந்தார். நேராக என் முன்னால் வந்து நின்று, ஃபைலைப் பிரித்து, என் பெயரை அப்பாவின் முதலெழுத்தோடு சேர்த்துப் படித்தார்.

"இந்தப் பொண்ணு இங்கேதானே இருக்கா?"

அந்தச் சமயத்தில் போலீஸ் ஒரு புது வேலை ஆரம்பித்திருந்தது. துப்புச் சொல்லுகிற கப்ரிகளை, வேட்டி கட்டின மரியாதைப்பட்ட ஆட்களாகப் பார்த்து அனுப்புகிறார்கள் என்று சந்தில் பேச்சு. யோசிக்கவெல்லாம் இல்லை. தும்மல் வருகிற மாதிரி வந்துவிட்டது.

"அவளா? அவளக் கட்டிக் குடுத்தாச்சு சார். திருநவேலி பக்கம். ஊருக்குப் போயிட்டா."

"கல்யாணம் ஆயிடுத்தா?" அவர் முகம் சட்டென்று வாடியது. "எப்போ?"

"போன வாரம்."

"மெட்ரிக் இப்பதானே முடிச்சா. படிக்கணும்னு எழுதியிருந்தாளே."

"பொட்டப் பிள்ள படிச்சு என்ன சார் செய்ய?" என்றேன், சாட்சாத் என் அத்தை மாதிரியே.

அவர் குடையைக் கையில் மாற்றிக்கொண்டார். "குழாயடியைப் பத்தி எழுதியிருந்தா. ரொம்ப நன்னா இருந்தது. அந்தக் குடத்தைக் காலால தள்ற எடம் இருக்கே..." என்று சொல்லி நிறுத்தினார்.

இந்த இடத்தில் எந்தப் பெண்ணாக இருந்தாலும் "ஐயோ சார், நான்தான் அது!" என்று குதித்திருப்பாள். எனக்கோ சந்தேகம்தான் வந்தது. நான் எழுதியது இவன் கையில் எப்படி வந்தது? அப்படியானால் அந்த அறிவிப்பே வலை. தெருவைப் பற்றி எழுது என்று கேட்டதே ஆளைப் பிடிக்கத்தான். அம்மா சொன்னாள், அம்மா அன்றைக்கே சொன்னாள்! உள்ளே அடுப்பு புஸ்ஸென்று சத்தம் போட்டது. அது வெளியே கேட்டுவிடக் கூடாதே என்று குரலை உயர்த்தி, மாப்பிள்ளைக்குப் பலசரக்குக் கடை, நல்ல இடம், மாமியார்தான் கொஞ்சம் ஒரு மாதிரி என்று மளமளவென்று அளந்துவிட்டேன். அவர் பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டார்.

"நீ யாரும்மா?"

"பக்கத்து வீடு."

"அவளுக்கு லெட்டர் கிட்டர் போட்டியானா, எழுத்தை விட்டுட வேண்டாம்னு சொல்லு," என்றார். திரும்பி, அதே கற்களைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்துப் போனார்.

கதவைச் சாத்திவிட்டு அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அம்மா என் கன்னத்தைத் தட்டி, "எம் மவள்னா கொக்கா!" என்றாள். மாதுங்கா வீடுகளுக்கு மாவு அரைத்துக் கொடுக்கப் போகும் பக்கத்து வீட்டு அக்கா அப்போது அங்கேதான் இடுப்பில் ட்யூபைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"ஆளு எப்படி இருந்தாவ? ஒல்லியா, காதுல மயிரோட, கறுப்புக் குடை வச்சுக்கிட்டா?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா."

"அடி பாவி! அது நான் போற வீட்டு மாமாவுல்லா? அவரு மவன்தான் பேப்பர்ல வேலை பாத்து, ரயில்லேருந்து விழுந்து போயிட்டான். அவரு என்னத்துக்கு இங்கன வந்தாரு?"

என்னத்துக்கு வந்தார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். நான் அழுததைவிட முக்கியமான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். வருத்தம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதன் அடியில் ஒரு நிம்மதி ஓடியது. "போனது போவட்டும்ட்டி. காகிதத்தோட வாரவன் சங்காத்தமே நமக்கு வேண்டாம்," என்றாள். எனக்குப் படிப்பு கிடைக்காததில் அவளுக்குச் சந்தோஷமோ என்று ஒரு கணம் என் அம்மாவையே சந்தேகப்பட்டேன்.

மறுநாள் காலையில் அம்மாவிடம் சொல்லாமல், மெட்ரிக் சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு, அக்காவிடம் வழி கேட்டுக்கொண்டு மாதுங்காவுக்குப் போனேன். மாடியில் வீடு. அவரே கதவைத் திறந்தார்.

"நீ... அந்தப் பக்கத்து வீட்டுப் பொண்ணு இல்லே?"

"இல்ல சார். நான்தான் அவ. எனக்குக் கல்யாணம் ஆகல."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் சந்தில் நாங்கள் மற்றவர்களைப் பார்க்கிற பார்வை. உள்ளே விட்டார், உட்காரச் சொல்லவில்லை. சர்டிபிகேட்டை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பினார்.

"இது அந்தப் பொண்ணோடது. நீ எடுத்துண்டு வந்திருக்கலாமே? அவ ஊருக்குப் போயிட்டா. அவளுக்கு வர வேண்டியதை நீ வாங்கிக்கலாம்னு வந்திருக்கே. நேத்திக்கு நான்தான் முட்டாள் மாதிரி உங்கிட்ட குழாயடியைப் பத்தியெல்லாம் சொல்லிட்டு வந்தேன்."

"சத்தியமா நான்தான் சார்!"

"அப்போ நேத்திக்குப் பொய் சொன்னே. இல்லேன்னா இன்னிக்குப் பொய் சொல்றே. எது?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. நான்தான் நான் என்று எப்படி நிரூபிப்பது? முப்பத்தாறு வருஷம் ரயில்வே ஆபீஸில் ஃபைல் பார்த்த மனுஷர் அவர். சொல்லிவிட்டு வந்தால் வீட்டைத் துடைத்து வைத்துவிடுவார்கள் என்று, சொல்லாமல் வந்து பார்ப்பது அவர் பழக்கமாம். செம்பூரில் இருக்கிற ஒரு பையன்தான் அடுத்த ஆள், அவனுக்கு நாளைக்குக் கடிதம் போகிறது என்றும் சொன்னார். சமையலறை நிலைப்படியில் அவர் மனைவி, அந்த மாமி, நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மேஜையில் ஒரு காகிதத்தை வைத்து, பேனாவைத் திறந்து கொடுத்தார். "உக்காரு. நேத்திக்கு நடந்ததை எழுது. கையெழுத்து பேசட்டும்."

எழுதினேன். ஷூ, குடை, சாக்கடைக் கல், நான் சொன்ன பொய் எல்லாவற்றையும். அவர் ஃபைலைப் பிரித்து, குழாயடிக் காகிதத்தைப் பக்கத்தில் வைத்து, எழுத்தெழுத்தாக விரலை ஓட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம்.

"கையெழுத்து அதேதான். ஆனா இதுல பாதி இல்லையே. வீடு தேடிக் குடுக்க வந்தவன்கிட்ட, கல்யாணம் ஆயிடுத்துன்னு ஒரு பொண்ணு ஏன் சொல்லுவா? காரணம் எங்கே?"

"பயம் சார்."

"என்ன பயம்?"

பேனாவை மூடி மேஜையில் வைத்தேன்.

"என் பிள்ளை கடைசிவரைக்கும் சொல்லிண்டிருந்தது ஒண்ணே ஒண்ணுதான். பாதியை எழுதறதுக்கு எழுதாமலே இருக்கலாம்னு. பொய்யை நான் மன்னிப்பேன். மறைக்கிறவளை இந்தப் படிப்புக்கு அனுப்பமாட்டேன். போயிட்டு வா."

போயிருக்கலாம். போயிருந்தால் தை மாதம் வடாலா. நின்றேன். இவர் நிஜமாகவே காரணம் கேட்கிறாரா, இல்லை, வலை இப்போதுதான் முழுசாக விழுகிறதா? இந்த வீட்டில் செத்துப்போன பையனின் மேஜை இருக்கிறது, படம் இருக்கிறது, எல்லாம் நிஜம்தான். ஆனால் நிஜமான துக்கம் உள்ளவன் போலீஸுக்குச் சொல்லமாட்டான் என்று யார் சொன்னது? அம்மாவின் கழுத்தும் என் படிப்பும் ஒரே காகிதத்தில் இருந்தது. கடைசியில் பேனாவை எடுத்து எழுதினேன்: "அப்போது என் அம்மா உள்ளே சாராயம் காய்ச்சிக்கொண்டிருந்தாள். அப்பா இறந்த பிறகு நாங்கள் சாப்பிடுவது அதில்தான். நான் காவல் இருந்தேன்."

அவர் படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. காகிதத்தை மடித்து, ஃபைலில் வைத்து, நாடாவை இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினார்.

"அதக் குடுத்துருங்க சார்," என்றேன்.

"விண்ணப்பத்தோட இருக்கணும்."

"யாரு பாப்பாங்க?"

"அது என் வேலை. நீ போ."

படியிறங்கும்போதுதான் உறைத்தது. என்ன காரியம் செய்துவிட்டேன்! பெற்ற தாயை எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

பத்து நாளில் கடிதம் வந்தது. எனக்குத்தான் உபகாரச் சம்பளம். எப்படிக் கிடைத்தது என்று அம்மா கேட்டதற்கு, "நேரா போயி நான்தான்னு சொன்னேன், நம்பிட்டாரு," என்றேன். அம்மா கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. "இதுல என்னமோ இருக்கு," என்று மறுபடியும் சொன்னாள். இந்தத் தடவை நான் சண்டை போடவில்லை.

வடாலா மாப்பிள்ளை வேறு இடம் பார்த்துக்கொண்டான். நான் காலேஜுக்குப் போனேன். பெஞ்சில் உட்கார்ந்தால் பாடம் பாதி, அந்தக் காகிதம் பாதி. சந்தில் ஷூ சத்தம் கேட்டால் முதலில் பெரியவர் முகம்தான் கண்ணில் வரும். டெர்முக்கு ஒரு தடவை மாதுங்காவுக்குப் போய், கையெழுத்துப் போட்டு வாங்கி வர வேண்டும். ஒவ்வொரு தடவையும் அவர் ஒன்றே ஒன்று கேட்பார்.

"அம்மா சௌக்கியமா?"

அவ்வளவுதான். காலேஜ் எப்படி, என்ன எழுதுகிறாய் என்றெல்லாம் கேட்கமாட்டார். அந்த இரண்டு வார்த்தையை நான் வீட்டுக்கு வந்து உடைத்து உடைத்துப் பார்ப்பேன். ஏன் அம்மாவைக் கேட்கிறார்? எனக்கு ஞாபகம் இருக்கிறது என்று காட்டவா? ஒழுங்காகப் படி, இல்லாவிட்டால் தெரியும் சேதி என்று சொல்லவா? "சௌக்கியம் சார்" என்று சொல்லும்போது என் குரல் எனக்கே திருட்டுக்குரலாகக் கேட்கும். ஒரு தடவை மாமி காப்பி கொண்டுவந்து வைத்தார். என் வாயிலிருந்து ஏதாவது பிடுங்கத்தான் காப்பி என்று நினைத்து, கல்லூரிக்கு நேரமாயிற்று என்று சொல்லி, குடிக்காமல் எழுந்து வந்தேன். எவ்வளவு திமிர் பாருங்கள்.

கடைசி வருஷத்தில் போலீஸ் வந்தது. மற்ற வீடுகளை விட்டுவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். சேற்றில் புதைத்த பீப்பாயை எந்த இடம் என்று யாரையும் கேட்காமல் தோண்டி எடுத்து உடைத்தார்கள். நான் காலேஜிலிருந்து வந்து பார்க்கும்போது சந்து முழுக்கப் புளித்த வாடை. அம்மாவைச் சேலைத் தலைப்பைப் பிடித்து வேனில் ஏற்றினார்களாம். மூன்றாம் நாள் அம்மா திரும்பி வந்தாள். முழங்கை வீங்கியிருந்தது. "எவனோ சொல்லியிருக்கான்ட்டி. அளந்து வச்ச மாதிரி வந்தாவ," என்றாள். எனக்குத்தான் தெரியுமே யார் சொன்னது என்று. யார் கையில் எழுதிக் கொடுத்தேன் என்றும் தெரியும்.

அடுத்த வாரம் கடைசித் தவணை வாங்குகிற நாள். வேண்டாம் என்று எறிந்துவிட்டு வந்திருக்க வேண்டும். பரீட்சைக்குக் கட்ட வேறு வழி இல்லை, போனேன். குனிந்த தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டேன். அவர் வழக்கம்போலக் கேட்டார்.

"அம்மா சௌக்கியமா?"

தலையை நிமிர்த்தினேன். "ஒங்களுக்குத் தெரியாததா?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். என்ன சொல்கிறாய் என்று கேட்கவில்லை. நடிக்கிறார் என்று நினைத்தேன். படபடவென்று படியிறங்கி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. டிப்ளமோ கிடைத்தது, ஒரு வாரப் பத்திரிகையில் வேலை கிடைத்தது, அம்மாவைக் கூட்டிக்கொண்டு சுனாபட்டிக்கு வீடு மாறினேன். தகவல் சொல்லி ஒரு கார்டுகூடப் போடவில்லை.

இரண்டு வருஷம் போல ஆகியிருக்கும். மாவு அரைக்கிற அக்கா ஒரு நாள் சுனாபட்டிக்கு வந்தவள், "அந்த மாதுங்கா மாமா போயிட்டாரு, நாளைக்குப் பத்து," என்றாள். எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? ஐயோ பாவம் என்று இல்லை. அந்த ஃபைல் இனி யார் கைக்குப் போகும் என்றுதான். அப்போது என் பெயர் பத்திரிகையில் வர ஆரம்பித்திருந்தது. துக்கம் விசாரிக்கிற சாக்கில் போய் அந்தக் காகிதத்தை எடுத்து வந்துவிட வேண்டும் என்றுதான் கிளம்பினேன். இதை மறைத்து எழுதினால் நான் மனுஷியே இல்லை.

காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் போகட்டும் என்று காத்திருந்து, நாலைந்து நாள் கழித்துப் போனேன். மாமி மட்டும் இருந்தார். என் விண்ணப்பத்தைப் பார்க்க முடியுமா, பழைய எழுத்து, ஒரு ஆசை என்று இழுத்தேன். மாமி உள்ளே போய் என் பெயர் எழுதின ஃபைலை எடுத்து வந்து, "நீயே பாரு," என்று கையில் கொடுத்தார்.

குழாயடி இருந்தது. சர்டிபிகேட் நகல் இருந்தது. நான் அன்றைக்கு எழுதின காகிதம் இல்லை. கமிட்டியார் கையெழுத்துப் போட்ட விசாரணைத் தாள் ஒன்று இருந்தது. பெரியவருடைய குண்டு குண்டான, அடித்தல் திருத்தல் இல்லாத எழுத்து. "விண்ணப்பதாரரின் இல்லத்துக்கு நானே நேரில் சென்று விசாரித்தேன். தாயார் வீட்டிலிருந்தபடியே முறுக்கு, அதிரசம் செய்து விற்று மகளைப் படிக்க வைக்கிறார். மரியாதையான குடும்பம். முழுமனதாகச் சிபாரிசு செய்கிறேன்."

இரண்டு தடவை படித்தேன். முறுக்கு, அதிரசம்.

"மாமி, நான் எழுதிக் குடுத்தேனே ஒரு காகிதம்..."

"அதுவா? நீ படி இறங்கறதுக்குள்ள அடுப்பில போட்டாச்சு," என்றார் மாமி. "போட்டுட்டு வந்து இதை எழுத உக்காந்தார். முப்பத்தாறு வருஷ சர்வீஸ்ல ஒரு பொய் எழுதினதில்லை, அந்தப் பொண்ணு எழுத வெச்சுட்டாளேன்னு ரெண்டு நாள் பொலம்பல். அதிரசம்னு ஏன் எழுதினேள், முறுக்கோட நிறுத்தப்படாதான்னு நான் கேட்டேன். முறுக்கு மட்டும்னா கமிட்டிக்காரா நம்ப மாட்டான்னார்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியிலேயே உடைந்து, தேம்பித் தேம்பி அழுதேன். அப்படியானால் போலீஸுக்கு யார் சொன்னது? தெரியவில்லை. இன்றுவரைக்கும் தெரியாது. எந்தப் பொறாமைக்காரியோ, எந்த மாமூல் வராத போலீஸ்காரனோ. அவர் இல்லை. நான் எழுதின காகிதத்தில் பீப்பாயே இல்லை என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவே இல்லை. அவருக்கு அது நடந்ததே தெரியாது.

மாமி என் முதுகில் கை வைத்தார். "உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். கடைசியா நீ வந்துட்டுப் போனதிலேர்ந்து, அந்தப் பொண்ணுக்கு எம்மேல என்ன கோபம்னு கேட்டுண்டே இருந்தார். ஆஸ்பத்திரியிலகூடக் கேட்டார். நான் ஏதாவது தப்பாக் கேட்டுட்டேனா, அவ அம்மாவுக்கு ஏதாவது ஆயிடுத்தான்னு. எனக்கும் சொல்லத் தெரியலை. என்ன கோபம்மா?"

எத்தனையோ பொய் வாய் நுனியில் வந்தது. பரீட்சைப் பயம், உடம்பு சரியில்லை, கோபமெல்லாம் ஒன்றுமில்லை மாமி. இந்த ஜன்மத்தில் எனக்குப் பொய்க்கா பஞ்சம்?

"எங்கம்மாவப் போலீஸ் பிடிச்சிட்டுப் போச்சு மாமி. அவருதான் காட்டிக் குடுத்தாருன்னு நெனச்சேன்," என்றேன்.

மாமியின் கை என் முதுகிலிருந்து எடுபட்டது.

"அவரையா?" என்றார்.